ஜக்கையனின் மட்டக் கண்ணாடி

பஸ் நிலையத்துக் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று உள்ளே போய்ச் சண்டை போடுகிற ஆள் போடியில் ஒருவர்தான் உண்டு. அவர் ஜக்கையன். அவருக்கும் பஸ்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவர். கடிகாரம் பிந்தினாலும் முந்தினாலும் அவர் புறப்படுகிற நேரத்துக்குத்தான் புறப்படுவார். ஆனாலும் போய்க் கேட்பார்.

"இல்லாத நேரத்தைக் காட்டுதுல்ல? பெறகு எதுக்கு அதை அம்புட்டு ஒசரத்துல மாட்டி வச்சிருக்கீக?"

கல்யாணப் படத்தில் அவர் மனைவி மாயக்காள் அவரைவிட இரண்டு விரல் உயரமாக விழுந்துவிட்டாள் என்று ஸ்டுடியோக்காரரை ஆறு மாதம் விடவில்லையாம். மாயக்காளையே அங்கே கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். "பாரு, யார் ஒசரம்?" என்றாராம். இதை மாயக்காளே எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அந்த மனிதரோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள்.

ஜக்கையனுக்குச் சொந்த ஊர் சிலமலை. நிலக்கடலை போடுகிற குடும்பம். இவருக்கு மட்டும் மண்ணில் கால் நிற்கவில்லை. லாரியில் ஏறி ஓட்டப் பழகி, 1973-இல் ஒரு எஸ்டேட் முதலாளி கழித்துக் கட்டிய ஜீப்பை வாங்கி, தார்ப்பாய்க் கூரை போட்டு, தினமும் காலையில் போடியிலிருந்து பதினான்கு பெண்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போனார். சாயங்காலம் இறக்கிவிட்டார். ஒன்பது வருஷத்தில் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. மற்ற ஜீப்புகள் காலியாக நின்றாலும் பெண்கள் காத்திருந்து இவர் வண்டியில்தான் ஏறுவார்கள்.

அந்த ஜீப்பில் கைபிரேக் பெயருக்குத்தான் இருந்தது. போடிமெட்டு ஏற்றத்தில் எதிரே பஸ் வந்தால், பஸ் பின்வாங்க முடியாது. ஜீப்புதான் நின்று, தேவைப்பட்டால் பின்னால் போய் வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டி உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் போட வேண்டும். அதற்கென்று பாதி உடைந்த அம்மிக்கல் ஒன்று பின்படியில் கிடக்கும். பின்னால் இடது ஓரத்தில் உட்காருகிறவர் குதித்து இறங்கிக் கல்லைப் போடுவார். பஸ் போனதும் கல்லை எடுத்துக்கொண்டு ஏறுவார். ஆறு வருஷமாக அது பொன்னுமணியின் வேலை. முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள்; ஆனால் அந்தக் கல்லைத் தேங்காய் எடுப்பதுபோல எடுப்பாள். அவள் கை சக்கரத்துக்கு அடியில் இருக்கும்போது வண்டி அசையக் கூடாது. அவ்வளவுதான் விதி. அது அசைந்ததும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் 1982-இல் நான் வந்து சேர்ந்தேன்.

ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இயற்பியல். பட்டத்தை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மெட்டுக்கு அப்பால் ஒரு ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்துகிற கட்டடத்தில், தற்காலிக கிளார்க் வேலை கிடைத்தது. ஜக்கையன் ஜீப்பில் எனக்கு முன் சீட். படிக்கிற காலத்தில் என்னை "டேய் ராசா" என்று கூப்பிட்டவர், பட்டம் வாங்கிய பிறகு "வாங்க தம்பி" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஜீப்பின் இடது பக்கக் கண்ணாடி முன்னால் தள்ளி, ஓட்டுகிற இடத்துக்கு எட்டத்தில் இருந்தது. நடுவில் புடைத்த, உருண்டைக் கண்ணாடி. அதன்மேல் ஜக்கையனுக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் இல்லை. "இது எதையும் அடக்கித்தான் காட்டும்" என்பார். ஆடி மாதம் ஒருநாள் ஏழாவது வளைவில், பின்னால் ஒரு பஸ் தூரத்தில் வருவதாகக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பெண்கள் இறங்கித் தண்ணீர் குடிக்க இடது ஓரத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் வண்டியை ஒடித்தார். பஸ் தூரத்தில் இல்லை. தார்ப்பாயை உரசிக்கொண்டு போயிற்று. அந்த டிரைவர் வளைவு முழுக்கத் திட்டிக்கொண்டே போனார்.

மெட்டு டீக்கடையில் ஜக்கையன் டீயைத் தொடவில்லை. என் கையைப் பிடித்து ஜீப்பிடம் இழுத்துப் போனார். பின்னால் பொன்னுமணியும் இரண்டு மூன்று பெண்களும் வந்தார்கள்.

"தம்பி, நீங்க படிச்சவுக. ஒத்த வார்த்தையில சொல்லுங்க. இந்தக் கண்ணாடி காட்டுறது நெசமா, பொய்யா?"

இரண்டு வருஷத்தில் என் படிப்பைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நேர்முகத் தேர்வுகளில்கூட அப்பா என்ன செய்கிறார் என்றுதான் கேட்டார்கள்.

"பொய்தாண்ணே" என்றேன். "இதுக்குப் பேரு குவி ஆடி. இதுல பிம்பம் சிறிசாத்தான் விழும். பக்கத்துல இருக்கிறது தூரத்துல இருக்கிற மாதிரி தெரியும். புடைப்பில்லாம மட்டமா இருக்கிற ஆடின்னா உள்ளது உள்ளபடி இருக்கும்."

"கேட்டியா ஆத்தா பொன்னுமணி? பி.எஸ்சி. சொல்லுது."

"சொல்லட்டும். டீ ஆறுது, வாங்க" என்றாள் பொன்னுமணி.

குவி ஆடியை வாகனங்களில் ஏன் பொருத்துகிறார்கள் என்பது எங்கள் தேர்வில் வந்த கேள்வி. சிறியதாகக் காட்டுவதால் அதிகப் பரப்பைக் காட்டும், பக்கவாட்டில் இருப்பதும் தெரியும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது என் வாயில் ஏன் வரவில்லை? நிஜமா பொய்யா என்று கேட்டார், பொய் என்று சொல்லி முடித்துவிட்டேன். யாரும் மீதியைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா? இந்தக் கேள்வியை நான் அப்போது என்னிடம் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

அன்று சாயங்காலமே கண்ணாடியைக் கழற்றி, சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற சத்தியநேசன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். நானும் உடன் போனேன். வேறு சோலி இல்லை. சத்தியநேசன் பொறுமையான ஆள். உருண்டைக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஜக்கையா, கம்பெனிக்காரன் கூறு கெட்டுப்போயா இதை உருட்டி வச்சான்?"

"அவன் கூறு எனக்கெதுக்கு? பி.எஸ்சி. சொல்லிட்டார். மட்டக் கண்ணாடியா வெட்டிப் போடுங்க."

சத்தியநேசன் என்னைப் பார்த்தார். அதுதான் சமயம். நான் அவர் கடையில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பீரோக் கதவில் கீறல் விட்ட கண்ணாடியை எடுத்து, பழையதின் அளவுக்கு வெட்டி, சட்டத்துக்குள் பொருத்திக் கொடுத்தார். உருண்டைக் கண்ணாடியைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிட்டார்.

மறுநாள் விடிகாலையில் ஜீப் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். புதுக் கண்ணாடியில் முகம் முகமாகவே தெரிந்தது. பழையதில் பார்த்தால் மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும். பெண்கள் வரிசையாக வந்து பொட்டைச் சரிபார்த்தார்கள். ஒருத்தி தன் உயரத்துக்குத் திருப்பிக்கொள்ள, அடுத்தவள் தன் உயரத்துக்குத் திருப்ப, ஜக்கையன் கத்திக்கொண்டே வந்தார்.

"வண்டிக்கா வாங்குனேன், ஒங்க சிங்காரிப்புக்கா வாங்குனேன்? தள்ளுங்கடி!"

"நல்ல கண்ணாடி மாட்டுனா பார்க்கத்தான் செய்வாக. கோவிச்சுக்கிட்டா எப்படிண்ணே?" என்றாள் பொன்னுமணி, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியில் பின்னால் நிற்கிற பஸ் தெரிந்தது. அதன் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடிந்தது. ஆனால் பஸ் மட்டும்தான் தெரிந்தது. ஜீப்பின் இடது ஓரம் இல்லை. பின்சக்கரம் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த பொன்னுமணி இல்லை. நான் இறங்கி எட்டிப் பார்த்தேன்; அங்கேதான் இருந்தாள். திரும்ப ஏறிப் பார்த்தேன், இல்லை.

அன்றைக்கு வழி நெடுக ஜக்கையனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அண்ணே, அந்தப் பழைய கண்ணாடியையே போட்டுருவோம். அது சிறிசாக் காட்டினாலும் நெறையக் காட்டும்."

"நேத்து பொய்யின்னீக."

"பொய்தான். ஆனா..."

"பொய்யின்னா பொய்தான் தம்பி. அதுல என்ன ஆனா?"

"பொன்னுமணியக்கா கல்லு போடுறது இதுல தெரியாதுண்ணே."

"அவ போடுறது ஒன்பது வருசமா எனக்குத் தெரியும்."

"ஆறு வருசம்" என்று பின்னாலிருந்து பொன்னுமணி திருத்தினாள்.

மெட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். டம்ளரின் வயிற்றில் கடை முழுவதும் தெரிந்தது. பெஞ்சும், அடுப்பும், வெளியே நிற்கிற ஜீப்பும், பனிமூட்டத்துக்கு நடுவே தலையில் சாக்குக் கொங்காணி போட்ட பெண்களும். "பாருங்கண்ணே, எத்தனை தெரியுது!" என்றேன்.

ஜக்கையன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "என் மூஞ்சி புடலங்காய் மாதிரி இருக்கு" என்றார். "இதை நம்பி வண்டி ஓட்டச் சொல்றீகளா?" கடையே சிரித்தது. டீக்கடைக்காரர் டம்ளரைப் பிடுங்கிக் கழுவப் போட்டார்.

அடுத்த வாரத்துக்குள் ஸ்டாண்டில் இன்னும் மூன்று ஜீப்புகள் மட்டக் கண்ணாடிக்கு மாறிவிட்டன. சத்தியநேசனின் பீரோக் கண்ணாடி தீர்ந்தேபோயிற்று. நான் ஒவ்வொரு டிரைவராகப் போய் விளக்கினேன். தாளில் கோடு போட்டுக் காட்டினேன். ஒருவர் தாளை வாங்கிப் பீடியின் சாம்பலைத் தட்டினார். இன்னொருவர், "தம்பி, முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. பெறகு எங்களுக்குச் சொல்லலாம்" என்றார். முதல் நாள் அரை நிமிடத்தில் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பிறகு மூன்று வாரம் தொண்டை கிழியச் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இதை யாரிடம் போய் முறையிடுவது?

புரட்டாசி கடைசியில், பதினொன்றாவது வளைவில் அது நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கியது. ஜக்கையன் நிறுத்தினார். பொன்னுமணி குதித்து இடது பின்சக்கரத்துக்குக் கல்லைப் போட்டாள். பஸ்ஸுக்கு இடம் போதவில்லை.

"சேட்டா, கொறச்சு பின்னோட்டு எடுக்கு!" என்று மலையாளத்து பஸ் டிரைவர் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். ஹார்னையும் விடாமல் அடித்தார்.

பின்னால் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கல்லை எடுக்க வேண்டும். பொன்னுமணி குந்தி உட்கார்ந்து கல்லில் கை வைத்தாள். இத்தனை வருஷமும் அவர்களுக்குள் ஒரு குரல்கூடக் கிடையாது. வண்டியில் ஒரு தட்டும் கிடையாது. அவள் கல்லோடு எழுந்து ஒதுங்குவதை அவர் உருண்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பிரேக்கை விடுவார். அதுதான் சமிக்ஞை. அது சமிக்ஞை என்று அவருக்கே தெரியாது. இப்போது கண்ணாடியில் ஈரமான ரோடு சுத்தமாகத் தெரிந்தது. ஆள் ஒதுங்கிவிட்டாள் என்று நினைத்தார். பிரேக்கை விட்டார்.

நான் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன்; அவள் இன்னும் எழவில்லை. "அண்ணே!" என்று கத்தினேன். ஹார்ன் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. பின்னாலிருந்து பதின்மூன்று பெண்கள் ஒரேயடியாகக் கூச்சல் போட்டபோதுதான் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி அரை முழம்தான் உருண்டிருந்தது. அதற்குள் பொன்னுமணியின் வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டியிருந்தன.

அவள் அழவில்லை. ஜக்கையனைத் திட்டினாள். சக்கரத்தை விலக்கியபோதும், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியபோதும், அதே பஸ்ஸில் ஏற்றி அவளைப் போடிக்கு இறக்கியபோதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நகமும் போயிற்று. மோதிரவிரலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று சிம்பு வைத்துக் கட்டினார்கள். ஏலக்காயைச் செடியின் தூரில் குனிந்து விரல் நுனியால்தான் பறிக்க வேண்டும். எடுப்பு மும்முரமாக நடக்கிற மாதம் அது. விரல் மறுபடி மடங்குமா என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

மறுநாளும் ஜக்கையன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பெண்ணும் ஏறவில்லை. மற்ற ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஜீப்புகளிலும் மட்டக் கண்ணாடிதான் என்பதை நான் அவர்களிடம் சொன்னேன். "நீங்க பேசாம இருங்க" என்றார்கள்.

ஜக்கையன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலி ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கண்ணாடியில ரோடு காலியா இருந்துச்சு. ரோடு காலியாத்தானே இருந்துச்சு? அது பொய் சொல்லலையே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்துப் பெயர் அரை முழத்தில் போய்விட்டது. அந்த மனிதர் கண்ணாடிக்கு வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்! எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுமணி வீட்டுக்குப் போனேன். இடது கையால் அரிசி புடைக்க முயன்று முற்றமெல்லாம் சிந்தி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நான் சொன்னதுதான் காரணம் என்றேன்.

"ஒங்களுக்கு ஜீப்பு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சைக்கிளு?"

"தெரியும்."

"அதுல கண்ணாடி இருக்கா?"

"இல்லக்கா."

"பெறகு ஒங்க கிட்டப் போயி கேட்டிருக்காரு பாருங்க, அவரைச் சொல்லணும்." முறத்தை என் பக்கம் தள்ளினாள். "வந்ததுக்கு அந்த அரிசியையாவது பொறுக்குங்க."

பொறுக்கினேன். மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவள் முகத்தில் அதற்கான அவகாசம் எதுவும் தெரியவில்லை.

நான்காவது வாரம் கட்டோடு அவள் ஸ்டாண்டுக்கு வந்தாள். பறிக்க முடியாது, ஸ்டோரில் காய் பொறுக்கிப் பிரிக்கிற வேலை கேட்டிருந்தாள். ஜக்கையன் ஜீப் வழக்கம்போலக் காலியாக நின்றது. அவள் நேரே அதன் இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அண்ணே, ஏறி ஒங்க எடத்துல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"தெரியுறேனா?"

"இரு." கழுத்தை நீட்டினார், சாய்த்தார். "தெரியல."

"இப்ப?"

"தெரியல ஆத்தா."

அவர் எழுந்துபோய்க் கண்ணாடியைத் திருப்பினார். மறுபடி உட்கார்ந்தார். "இந்தா, தெரியுற. நல்லாப் பெரிசாத் தெரியுற!"

"ரோடு?"

அவர் மறுபடி கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ரோடு தெரியுதாண்ணே?"

"ரோடு... போயிருச்சு."

மறுபடி திருப்பினார். ரோடு வந்தது, பொன்னுமணி போனாள். இப்படிக் கால் மணி நேரம் நடந்தது. மற்ற ஜீப்புகளில் ஏறியிருந்த பெண்கள் இறங்கி வந்து நின்றார்கள். "வெரசா முடிங்க, கங்காணி திட்டுவாரு" என்று ஒருத்தி சொன்னாள். பொன்னுமணி எழுந்திருக்கவில்லை.

"நான் பெரிசாத் தெரிய வேண்டாம். எறும்பாட்டம் தெரிஞ்சாலும் போதும். ரோடும் நானும் சேர்ந்து தெரியணும். அதுவரைக்கும் ஒருத்தியும் ஒங்க வண்டியில ஏற மாட்டோம்."

ஜக்கையன் இறங்கினார். கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மட்டக் கண்ணாடியைக் கழற்றியபோது அவர் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். யாரைத் திட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியநேசன் வீட்டுக் கதவைத் தட்டி, கடையைத் திறக்கச் சொல்லி, கல்லாவுக்கு அடியிலிருந்து உருண்டைக் கண்ணாடியை எடுத்து வந்து நானே கொடுத்தேன். மாட்டினார். உட்கார்ந்து பார்த்தார்.

"தெரியுறேனா?"

"இத்துணூண்டு தெரியுற."

"ரோடு?"

"அதுவும் இத்துணூண்டு தெரியுது." அவர் குரலில் அவ்வளவு வெறுப்பு.

பொன்னுமணி ஏறினாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். மற்ற மூன்று ஜீப்புகளும் பொட்டுக் கண்ணாடியோடு அப்படியே புறப்பட்டுப் போயின. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

நான் முன் சீட்டுக்குப் போகவில்லை. அவளால் கல் தூக்க முடியாது. பின்னால் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். அடிவாரத்து முந்தல் தாண்டி நான்காவது வளைவில் பஸ் வந்தது. குதித்தேன். அந்தக் கல் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனம். எப்படியோ சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். பஸ்ஸுக்கு இடம் போதவில்லை. கல்லை எடுக்கக் குந்தி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்தேன். டயரின் ஈரச்சூடு மணிக்கட்டில் பட்டது. ஹார்ன் அலறியது. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் அந்த உருண்டைக் கண்ணாடியில், கொட்டைப்பாக்கு அளவில், ஜக்கையனின் முகம். அவர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேடிக்கை பார்க்கிறீக?" என்று கத்தினார். "கல்லை எடுத்துட்டு ஒதுங்குங்க தம்பி! நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."